ஒரே இன்ஜின், இரண்டு பேட்ஜ்: வைபுக்கும் மேட்ரிக்ஸுக்கும் வாட்டர் பம்ப் மாற்றியது

ஜெனரல் மோட்டார்ஸின் போன்டியாக் பேட்ஜில் வந்த என் வைபில், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டைச் சுற்ற விடும் வாட்டர் பம்பை மாற்றி முடித்தாயிற்று. காலைக் குளிரிலும் வண்டி சத்தமில்லாமல் ஸ்டார்ட் ஆகிறது, கூலன்ட் இம்மியும் இறங்கவில்லை. அந்தக் கை அழுக்கு போவதற்குள், பக்கத்துத் தெருவில் இருக்கும் நம்ம ஊர்த் தம்பி ஒருவரின் டொயோட்டா மேட்ரிக்ஸிலும் அதே பம்பை மாற்ற வேண்டி வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்காது என்பதால் விவரமாகவே எழுதி வைக்கிறேன்.

“அமெரிக்க வண்டி பக்கமே போகாதே, ஜப்பான் வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு.” அமெரிக்காவுக்கு வந்து இறங்கும் நம்மவர்கள் எல்லோருக்கும் முதல் வாரமே கிடைக்கிற அறிவுரை இது. எனக்கும் சொன்னார்கள். நான் வைப் வாங்கியதற்குக் காரணம் ரொம்பச் சாதாரணமானது. கிட்டத்தட்ட அதே மைல் ஓடிய மேட்ரிக்ஸை விட ஆயிரம் டாலர் வரை குறைவாகக் கிடைத்தது.

இந்த இரண்டு வண்டிகளின் பூர்வீகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னுடையது 2004 மாடல். அதன் வின் எண், அதாவது வண்டியின் அடையாள எண், 5-இல் தொடங்குகிறது. முதல் எழுத்து 1, 4, 5 என்றால் அமெரிக்காவில் செய்தது, 2 என்றால் கனடா, 3 என்றால் மெக்சிகோ, ஜே என்றால் ஜப்பான். பதினோராவது இடத்தில் எந்தத் தொழிற்சாலை என்று இருக்கும். என் வண்டியில் அது இசட், அதாவது கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட். நான் குடியிருக்கும் ஊரேதான். ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் மூடிய தொழிற்சாலையை, 1984-இல் அவர்களும் டொயோட்டாவும் கூட்டாகச் சேர்ந்து ‘நும்மி’ என்ற பெயரில் திறந்தார்கள். 2010 ஏப்ரல் 1 வரை அது ஓடியது. இப்போது அதே இடத்தில் டெஸ்லா.

தம்பியின் மேட்ரிக்ஸ் 2005 மாடல், வின் எண் 2-இல் தொடங்குகிறது. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் கேம்பிரிட்ஜில் செய்தது. இரண்டிலும் இருப்பது டொயோட்டாவின் 1.8 லிட்டர் இன்ஜின், 1இசட்இசட்-எஃப்இ என்பார்கள். இந்த இன்ஜினை டொயோட்டா 1998 முதல் மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோவிலேயே செய்தது. ஆக, ‘அமெரிக்க வண்டி’ என்று ஒதுக்கப்படும் என் வைபுக்குள் இருப்பது டொயோட்டா இன்ஜின், ‘ஜப்பான் வண்டி’ என்று நம்பி வாங்கிய தம்பியின் மேட்ரிக்ஸோ ஜப்பானில் பிறந்ததே இல்லை. போதாததற்கு, வைபை வலது கை ஸ்டீயரிங்கோடு ஃப்ரீமான்ட்டில் செய்து, டொயோட்டா வோல்ட்ஸ் என்று பெயர் போட்டு ஜப்பானுக்கே அனுப்பி விற்றார்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

சத்தம் முதலில் காலையில் மட்டும் வந்தது. ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் வலது ஓரத்தில் கரகரவென்று ஓர் அரைப்பு, இன்ஜின் சூடானதும் அடங்கிவிடும். கூடவே ரிசர்வ் டப்பாவில் கூலன்ட் மெதுவாக இறங்கிக்கொண்டே இருந்தது. தரையில் சொட்டு எதுவும் இல்லை. இந்த இன்ஜினில் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் சத்தம் போடுவது ஊரறிந்த விஷயம் என்பதால் முதல் சந்தேகம் அதன் மேல்தான் போனது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஒவ்வொரு பாகமாக வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டேன். டென்ஷனர், ஆல்டர்னேட்டர், பம்ப் மூன்றும் பக்கம் பக்கமாக இருப்பதால் எது என்று பிரிக்க முடியவில்லை.

பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பார்ப்பதுதான் சரியான வழி. டென்ஷனரில் 19 மில்லிமீட்டர் ஸ்பேனர் பிடிக்கிற மாதிரி ஓர் அறுகோணக் குமிழ் இருக்கும். அதைக் கடிகாரச் சுற்றில் மெதுவாகத் திருப்பினால் பெல்ட் தளரும். பெல்ட் இல்லாமல் இன்ஜினைச் சில விநாடிகள் மட்டும் ஓட்டினேன் (பம்ப் சுற்றாது, அதனால் அதற்கு மேல் ஓட்டக் கூடாது). சத்தம் சுத்தமாக இல்லை. பிறகு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றினேன். ஆல்டர்னேட்டர் வழவழவென்று சுற்றியது, டென்ஷனர் புல்லியும் அப்படியே. பம்ப் புல்லியைச் சுற்றியபோது விரலில் மணல் நெருடுவது தெரிந்தது. மேலும் கீழும் ஆட்டினால் ஆடியது. டார்ச் அடித்துப் பார்த்தால், பம்பின் கசிவு ஓட்டைக்குக் கீழே வெளிறிய ரோஸ் நிறத்தில் பொருக்கு. சீல் போன பம்ப் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய, அது சூட்டில் அங்கேயே காய்ந்துவிட்டது. தரையில் சொட்டு விழாததற்குக் காரணம் அதுதான்.

வண்டி அப்போது ஒரு லட்சத்து அறுபதாயிரம் மைலைத் தாண்டியிருந்தது. முதல் சொந்தக்காரர் ஒரு கோப்பில் எல்லா ரசீதையும் அடுக்கி வைத்திருந்தார். அதில் வாட்டர் பம்ப் மாற்றியதற்கு ரசீது எதுவும் இல்லை. தொழிற்சாலையில் மாட்டிய பம்ப் அத்தனை வருஷம் உழைத்திருக்கிறது. இதைக் கோளாறு என்றே சொல்ல மாட்டேன். தேய்மானம், அவ்வளவுதான்.

பக்கத்து கராஜில் கேட்டதற்கு 520 டாலர் சொன்னார்கள். நானே செய்ததில் ஆன செலவு இது: டொயோட்டாவுக்குப் பாகம் செய்யும் ஐசின் நிறுவனத்தின் பம்ப் 52, முன்கூட்டியே தண்ணீர் கலந்த ரோஸ் நிறக் கூலன்ட் இரண்டு கேலன் 54, புது பெல்ட் 31, உள் மட்கார்டு கிளிப்புகள் 6. மொத்தம் 143 டாலர். இதற்கு மேல், முறுக்கும் அளவை இன்ச்-பவுண்டில் வைத்துத் திருகும் கால் இன்ச் டார்க் ரெஞ்ச் ஒன்றை 45 டாலருக்கு வாங்கினேன். அது எப்போதும் உதவும் என்பதால் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

உதிரி பாகம் தேடுகிறவர்களுக்கு ஒன்று. கடையில் ‘போன்டியாக் வைப்’ என்று தேடினால் பாதி இடங்களில் கையிருப்பு இல்லை என்று வரும், இருந்தாலும் விலை கூட இருக்கும். அதே வருஷத்து மேட்ரிக்ஸ், அதே 1.8 லிட்டர் என்று தேடிப் பாருங்கள். இன்ஜின் சம்பந்தப்பட்டவை அநேகமாக அப்படியே பொருந்தும். பம்பர், விளக்கு மாதிரி வெளித்தோற்றச் சாமான்களுக்கு இது சரிப்படாது.

இன்ஜின் முழுக்க ஆறிய பிறகுதான் ரேடியேட்டர் மூடியைத் தொட்டேன். வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, வலது முன் சக்கரத்தைக் கழற்றினேன். உள்ளே பிளாஸ்டிக் மறைப்பை எடுத்ததும் பம்ப் நேர் எதிரே தெரியும். ரேடியேட்டருக்கு அடியில் உள்ள திருகைத் திறந்து கூலன்ட்டை அகலமான தட்டில் வடித்தேன். மொத்தக் கொள்ளளவு சுமார் ஆறரை லிட்டர், ஆனால் அவ்வளவும் வராது. இன்ஜினுக்குள் மிச்சம் நிற்கும், பம்பைக் கழற்றும்போது அது சட்டென்று கொட்டும். எனவே தட்டை நகர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். கூலன்ட் விஷம். இனிக்கும் என்பதால் நாய், பூனை நக்கிவிடும். தரையில் சிந்தியதை உடனே துடைத்துவிட வேண்டும்.

பம்பைப் பிடித்திருப்பது ஆறு போல்ட், எல்லாவற்றுக்கும் 10 மில்லிமீட்டர் தலை. ஐந்து சிரமமில்லாமல் வந்தன. கீழே இருந்த ஒன்றுக்கு மட்டும் ராட்செட்டைச் சுற்ற இடமில்லை. ஆறு இன்ச் எக்ஸ்டென்ஷனும் வளையும் ஜாயின்ட்டும் மாட்டிய பிறகுதான் பிடி கிடைத்தது. போல்ட்டுகளின் நீளம் ஒன்றுபோல் இருக்காது. ஓர் அட்டையில் பம்பின் படத்தை வரைந்து, எந்த ஓட்டையில் எது இருந்ததோ அங்கேயே குத்தி வைத்தேன். பழைய பம்பை ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டியதும் கையோடு வந்துவிட்டது.

கசியாமல் அடைக்க இங்கே தட்டையான கேஸ்கட் கிடையாது, ரப்பர் வளையமான ஓ-ரிங்தான். பம்ப் உட்காரும் அலுமினியப் பரப்பு பளபளவென்று இருந்தது. அரிப்பு இல்லை, துரு இல்லை. கூலன்ட்டைக் காலாகாலத்தில் மாற்றியிருக்கிறார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். துணியால் துடைத்து, ஓ-ரிங்கில் கூலன்ட்டையே லேசாகத் தடவி, புது பம்பை உட்கார வைத்தேன். முதலில் எல்லா போல்ட்டையும் விரலாலேயே திருகினேன். அப்புறம் குட்டை போல்ட்டுக்கு 9, நீள போல்ட்டுக்கு 11 நியூட்டன் மீட்டர் வைத்து, எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்கினேன். 9 நியூட்டன் மீட்டர் என்பது 80 இன்ச்-பவுண்டு. கைக்கு அது போதாதது போலத் தோன்றும். தோன்றட்டும், அதற்கு மேல் போகாதீர்கள். ஏன் என்று மேட்ரிக்ஸ் கதையில் வரும்.

பெல்ட், மறைப்பு, சக்கரம் எல்லாம் போட்டாயிற்று. சக்கர நட்டுக்கு 76 அடி-பவுண்டு. அடுத்து கூலன்ட் ஊற்றிக் காற்றை வெளியேற்றுவது. கசியாத புனலை ரேடியேட்டர் வாயில் மாட்டி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இன்ஜினை ஓட விட்டேன். சூடானதும் கூலன்ட்டுக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் திறக்க ஆரம்பிக்கும். இன்ஜின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி கருவியில் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 84 தாண்டியும் ஹீட்டரில் குளிர்காற்றுதான் வந்தது, உள்ளே காற்று சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். முன்பக்கத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, மேல் ஹோஸைக் கையுறையோடு பிசைந்துவிட்டதும் புனலில் பெரிய குமிழிகள் வந்தன. சற்று நேரத்தில் ஹீட்டர் சூடானது. மறுநாள் காலை ஆறிய பிறகு பார்த்து, கால் லிட்டர் போல ஊற்றி நிரப்பினேன்.

இதையெல்லாம் தம்பி வந்து வேடிக்கை பார்த்தபோது, “என்ன இருந்தாலும் என்னுது டொயோட்டா அண்ணா, இந்த வேலையெல்லாம் வைக்காது” என்றார். கொஞ்ச நாளில் அவரே ஃபோன் செய்து, ஹைவேயில் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது என்றார். வண்டியை ஓட்டாமல் நிறுத்தச் சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தேன். அவர் வண்டி என்னுடையதை விடக் குறைவாக ஓடியது. பானெட்டைத் திறந்தால் அதே பம்ப், அதே இடத்தில் ஈரம்.

அதே ஆறு போல்ட், அதே கருவிகள், ஆனால் வேலை மட்டும் வேறு மாதிரி இருந்தது. வடித்த கூலன்ட் பச்சையும் ரோஸும் கலந்து செங்கல் நிறத்தில் குழம்பாக வந்தது. யாரோ இருந்ததன் மேல் வேறு வகைக் கூலன்ட்டை ஊற்றியிருக்கிறார்கள். பம்பைக் கழற்றினால், ஓ-ரிங் இருக்கும் இடத்தைச் சுற்றிக் கறுப்பு சிலிக்கான் பசையை அப்பியிருந்தார்கள். அதில் பிய்ந்த ஒரு துண்டு உள்பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பம்பும் தொழிற்சாலைப் பம்ப் இல்லை. கையுறைப் பெட்டியில் இருந்த பழைய ரசீதைத் தேடி எடுத்தார். முந்தைய சொந்தக்காரர் ஏதோ ஒரு கடையில், இருப்பதிலேயே மலிவானதைப் போடச் சொல்லியிருக்கிறார். மாட்டி இருபத்தைந்தாயிரம் மைல்கூட ஆகவில்லை.

“அப்ப இது டொயோட்டா பம்ப் இல்லையா அண்ணா?”

“உன் வண்டியில இருந்த டொயோட்டா பம்பை எப்பவோ தூக்கிப் போட்டுட்டாங்க தம்பி. என் வண்டியிலதான் இத்தனை நாளா அது இருந்துச்சு.”

போல்ட்டை வேறு மிதமிஞ்சி முறுக்கியிருந்தார்கள். ஒன்று வெளியே வரும்போதே அலுமினிய மரையைச் சுருள் சுருளாகக் கூடவே இழுத்துக்கொண்டு வந்தது. இந்த இன்ஜினின் உடம்பு முழுக்க அலுமினியம், இரும்பு போல்ட் வலுவாக இழுத்தால் மரை தாங்காது. கெட்ட மரைக்குப் பதில் கம்பிச் சுருளால் புது மரை போடும் எம்6 (6 மில்லிமீட்டர்) ஹெலிகாயில் செட் ஒன்று 28 டாலர். 6.3 மில்லிமீட்டர் டிரில் பிட்டில் ஆழத்துக்குத் தகுந்தாற்போல் டேப் சுற்றி அடையாளம் வைத்து, தூள் உள்ளே போகாமலிருக்கப் பிட்டில் கிரீஸ் தடவி, கையால் நேராகப் பிடித்து ஓட்டினேன். பிறகு செட்டில் இருந்த மரை வெட்டும் கருவியால் புது மரை வெட்டினேன். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று பொறுமையாகப் போக வேண்டும். கம்பிச் சுருளைத் திருகி இறக்கி, அதன் வால் நுனியை முறித்து, அந்தத் துண்டைக் காந்தத்தால் தேடினேன். அது காந்தத்தில் ஒட்டாத ஸ்டெயின்லெஸ், எனவே கொறடால் பிடித்து எடுக்க வேண்டியிருந்தது. சிலிக்கானைச் சுரண்ட பிளாஸ்டிக் சுரண்டிதான் பயன்படுத்த வேண்டும். பிளேடு வைத்தால் பரப்பில் கீறல் விழும், அந்தக் கீறல் வழியாகவே மறுபடி கசியும். காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றி, ஓட்டி, வடித்து, தண்ணீர் தெளியும் வரை திரும்பத் திரும்பச் செய்தோம். என் வண்டிக்கு அரை நாளில் முடிந்த வேலை, அவர் வண்டிக்கு ஒரு வார இறுதி முழுவதையும் தின்றுவிட்டது.

என் பழைய தொழிற்சாலைப் பம்பையும் அவருக்கு வாங்கிய புது ஐசின் பம்பையும் மேசையில் பக்கத்தில் வைத்து வெர்னியரால் அளந்தேன். புல்லி விட்டம், ஓட்டைகளின் இடைவெளி, ஓ-ரிங் பள்ளம், எதிலும் வித்தியாசம் இல்லை. மலிவுப் பம்பில் உள்ளே தண்ணீரைத் தள்ளும் இலைகள் மெல்லிய தகட்டை மடக்கிச் செய்தவை, ஓரத்தில் துரு தின்றிருந்தது. அதைத் தம்பி நெடுநேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இதை வைத்து எல்லா அமெரிக்க வண்டியும் ஜப்பான் வண்டிக்குச் சமம் என்று நான் சொல்ல வரவில்லை. எழுபது, எண்பதுகளில் டெட்ராய்ட் வண்டிகளுக்கும், அதாவது அமெரிக்க நிறுவனங்களின் வண்டிகளுக்கும், ஜப்பான் வண்டிகளுக்கும் தரத்தில் இருந்த இடைவெளி உண்மை. அந்தக் கெட்ட பெயர் சும்மா வரவில்லை. ஆனால் அந்த இடைவெளிக்குக் காரணம் அமெரிக்கத் தொழிலாளியின் கை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஃப்ரீமான்ட்டே அதற்குச் சாட்சி. 1982-இல் மூடியபோது அந்தத் தொழிற்சாலைக்கு இருந்த பெயர் மிக மோசமானது, வேலைக்கு வராமல் நின்றுவிடுபவர்கள் அவ்வளவு பேர். நும்மியாகத் திறந்தபோது வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள், அதே தொழிற்சங்கம். அவர்களில் பலரை ஜப்பானுக்கு, டொயோட்டாவின் டகவோகா தொழிற்சாலைக்கு அனுப்பிப் பழக்கினார்கள். கோளாறு கண்ணில் பட்டால் தொழிலாளியே கயிற்றை இழுத்து உதவிக்குக் கூப்பிடலாம், தேவைப்பட்டால் வரிசையையே நிறுத்தலாம் என்று வைத்தார்கள். சீக்கிரமே அங்கிருந்து ஜப்பானுக்கு ஈடான வண்டிகள் வந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் விற்ற ஜியோ பிரிஸமும் டொயோட்டா கரோலாவும் அங்கே கூடவே உருவானவை, அப்படியும் பழைய வண்டிச் சந்தையில் கரோலாவுக்குத்தான் விலை அதிகம். என் வைப் மலிவாகக் கிடைத்ததும் அதே காரணத்தால்தான்.

எதிர்த் திசையிலும் பாருங்கள். வண்டிகளின் தரத்தை ஆராயும் ஜே.டி. பவர் நிறுவனத்தின் 2009-ஆம் ஆண்டு நீடித்த உழைப்பு ஆய்வில் ஜாகுவாரோடு சேர்ந்து முதலிடம் பிடித்தது ஜெனரல் மோட்டார்ஸின் ப்யூயிக். அமெரிக்கா முழுக்கப் போலீஸும் டாக்சியும் லட்சக்கணக்கான மைல் அடித்து ஓட்டிய ஃபோர்டு கிரவுன் விக்டோரியா, கனடாவின் செயின்ட் தாமஸில் 2011 வரை செய்யப்பட்டது. 2010-இல் இன்ஜின் கம்ப்யூட்டருக்காக 2005 முதல் 2008 வரையிலான கரோலாவையும் மேட்ரிக்ஸையும் டொயோட்டா திரும்ப அழைத்தபோது, அதே காரணத்துக்காக வைபும் அழைக்கப்பட்டது. டகாட்டா நிறுவனத்தின் கோளாறான ஏர்பேக்குகளைத் திரும்ப அழைத்த விஷயத்திலும் இரண்டுமே பட்டியலில் உண்டு. நீங்கள் இதில் எதை வைத்திருந்தாலும், அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனமான நிட்சாவின் தளத்தில் வின் எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஏர்பேக் மாற்றாமல் இருந்தால் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள், இலவசம்தான்.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் யாராவது இப்போது என்னைக் கூப்பிட்டால், நான் பேட்ஜைக் கடைசியில்தான் பார்க்கிறேன். ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்ட் நிறம், வின் எண், ரசீதுக் கோப்பு, அப்புறம் பம்ப், ஆல்டர்னேட்டர் மாதிரி மாற்றக்கூடிய பாகங்களில் எது அசல், எது யார் போட்டது. ரசீது இல்லாத டொயோட்டாவையும் ரசீதோடு இருக்கும் டெட்ராய்ட் வண்டியையும் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

அடுத்த முறை மாற்றிச் செய்யப் போவதில் முக்கியமானது தெர்மோஸ்டாட். அது ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. நன்றாக வேலை செய்கிறது என்று இரண்டு வண்டியிலும் விட்டுவிட்டோம். கூலன்ட்டை எப்படியும் வடித்தாகிவிட்டது, கூட ஒரு மணி நேரமும் இருபது டாலரும் செலவழித்திருந்தால் அந்தக் கவலையும் தீர்ந்திருக்கும். மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் அப்போதே மாற்றியிருக்கலாம், இருபது வருஷ ரப்பர். பழைய கூலன்ட்டைச் சாக்கடையில் ஊற்றாமல், மூடியுள்ள கேனில் அடைத்து ஊரின் அபாயக் கழிவு மையத்தில் கொடுத்தோம். என்ன நிறம், எப்போது ஊற்றியது என்று மார்க்கரில் எழுதி ரேடியேட்டருக்கு மேலே ஒட்டுவதை இப்போது வழக்கமாக்கியிருக்கிறேன். தம்பியும் ஒரு கோப்பு வாங்கி, இந்த வேலையின் ரசீதுகளை முதலாவதாகச் செருகியிருக்கிறார். வைப் ஐந்நூறு மைல் ஓடிய பிறகு பம்பைச் சுற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன், ஈரமில்லை. மேட்ரிக்ஸுக்கு அந்தச் சோதனை வரும் சனிக்கிழமை. அன்றைக்கே அவர் வண்டியின் தெர்மோஸ்டாட்டையும் ஹோஸ்களையும் முடித்துவிடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.